நாலு பேர்ல மூணு அதிகாரி

வயட்டை வேலையை விட்டுத் தூக்கினது நான்தான். சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன். அவன் எனக்குக் கீழ வேலை பார்த்தவன் இல்லை, நானும் எவனுக்கும் முதலாளி இல்லை. ரெண்டு பேருமே கனடாவுல, சாஸ்கடூன்ல வணிக நிர்வாகம் ரெண்டாம் வருஷம். ஆனா எங்க மேலாண்மை வகுப்புல ஒரு விதி உண்டு. நாலு நாலு பேராச் சேர்ந்து ஊர்ல இருக்கிற ஏதாவது ஒரு தொழிலைப் பத்தி அறிக்கை எழுதணும். ஒருத்தன் ஒழுங்கா ஒத்துழைக்கலைன்னா மத்த மூணு பேரும் அவனுக்கு ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து நீக்கிடலாம். நீக்கப்பட்டவன் முழு அறிக்கையையும் தனியா எழுதிச் சாகணும். நிஜ உலகத்துக்கு உங்களைத் தயார் பண்றேன்னு ஆஸ்ட்ராண்டர் மேடம் சொன்னாங்க. சொல்லும்போது அவங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு அந்த வகுப்புல எழுபது மார்க் வேணும். அறுபத்தொன்பது எடுத்தாக்கூட மூணாம் வருஷத்துக்குள்ள விட மாட்டாங்க, பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இடைத்தேர்வுல நான் எடுத்த மார்க்கைப் பத்திப் பேச வேண்டாம். மானம் போகும். மொத்த மார்க்ல பாதி இந்த அறிக்கைக்கு, அதனால அதுதான் எனக்குக் கதி.

முதல் கூட்டத்துல பதவிகளைப் பிரிச்சோம். கார்பின் தலைமைச் செயல் அதிகாரி. அவங்க அப்பா டிராக்டர் விக்கிறாராம், நிர்வாகம் அவன் ரத்தத்துலயே ஊறிப்போச்சாம். டெஸ் துணைத் தலைவர். நான் மனிதவள இயக்குநர். வயட் வரலை, அவனுக்குப் பதவி எதுவும் மிஞ்சவும் இல்லை. யாருக்குக் கீழ யாருன்னு காட்டுற நிர்வாகப் படத்துல அடியில ஒரு பெட்டி போட்டு 'பணியாளர்'னு எழுதி, மூணு பேர்கிட்டேருந்தும் அவனுக்கு ஒரு கோடு இழுத்தோம். பார்க்க ரொம்ப லட்சணமா இருந்துச்சு.

ரெண்டாவது கூட்டம் குழுவுக்குப் பேர் வைக்க. மூணாவது, அந்தப் பேருக்குச் சின்னம் வரைய. ரெண்டுக்கும் வயட் வரலை. கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அவனுக்கு நாலு மணியிலேருந்து ஸ்கேட்டிங் அரங்கத்துல வேலை. ஐஸைச் சமப்படுத்துற வண்டியை ஓட்டுறது அவன்தான். நாங்க அறிக்கை எழுத எடுத்துக்கிட்டதும் அதே அரங்கத்தைத்தான், அதுவும் அவன் சொன்ன யோசனை. நேரத்தை மாத்தலாமான்னு அவன் ஒரு தடவை கேட்டான். அவனுக்கு அர்ப்பணிப்பு போதாதுன்னு கார்பின் சொன்னான், நாங்களும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம வயட்கிட்டேருந்து குறிப்புகள் வரும். எந்த மணியில ஐஸ் காலியாக் கிடக்கு, கேன்டீன்ல எது விக்குது, செவ்வாய்க்கிழமை காலையில வந்துக்கிட்டிருந்த வயசான பொம்பளைங்க எத்தனை பேர் வர்றதை நிறுத்திட்டாங்க, எல்லாம் பக்கம் பக்கமா. பொதுக் கோப்புல 'மூலத் தரவு'ன்னு ஒரு தலைப்பு போட்டு அதுக்குள்ள சேர்த்து வச்சோம். ஒருத்தரும் திறந்து பார்க்கலை. நாங்க நிர்வாகம் பண்ணிக்கிட்டிருந்தோமே, நேரம் ஏது?

எச்சரிக்கைக் கடிதம் எழுதுறது மனிதவள இயக்குநர் பொறுப்பு. எழுதினேன். சத்தியமாச் சொல்றேன், ரெண்டு வருஷப் படிப்புல நான் அவ்வளவு ஆசையா எதையும் எழுதினதில்லை. மேல சின்னம், கீழ என் பதவி, நடுவுல 'மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியும் தங்கள் செயல்பாட்டில் முன்னேற்றம் காணப்படாத நிலையில்'. ரெண்டாவதை அவன் வீட்டுக்குத் தபால்லயே அனுப்பினேன், அப்பதான் ஒரு கெத்து.

கடைசிக் கூட்டத்துக்கு வயட் வந்தான். யார்கிட்டயோ வேலை நேரத்தை மாத்திக்கிட்டு, ஈர பூட்ஸோட வந்து உட்கார்ந்தான். மூணு ஓட்டும் அவனுக்கு எதிரா விழுந்துச்சு. சண்டை போடுவான்னு பார்த்தேன், போடலை. "அப்ப அறிக்கையை யார் எழுதப் போறீங்க?"ன்னு மட்டும் கேட்டான். அதை அப்புறம் ஒதுக்கீடு பண்ணிக்குவோம்னு கார்பின் சொன்னான்.

ஒதுக்கீடு ஆரம்பிச்சப்ப ஒன்பது நாள் இருந்துச்சு. கார்பின் டெஸ்கிட்டத் தள்ளினான், டெஸ் என்கிட்டத் தள்ளினா. நான் கோப்பைத் திறந்தேன். காலி. சேகரிச்சவனுக்கே குறிப்பு சொந்தம்னு விதியிலயே இருக்கு, வயட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. கார்பின் அவசரக் கூட்டம் கூட்டி, பொறுப்புகளை மறுசீரமைக்கலாம்னு ஆரம்பிச்சான். அப்பதான் என் மரமண்டைக்கு உறைச்சுது. நாலு பேர் இருந்த கம்பெனியில அதிகாரிங்க மூணு பேரும் ஒண்ணு கூடி, வேலை பார்த்த ஒரே ஆளைத் தூக்கியிருக்கோம்.

கூட்டத்தை விட்டுப் பாதியில எழுந்து அரங்கத்துக்கு பஸ் பிடிச்சேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கிறதுன்னு வழி பூரா யோசனை. வயட் வண்டியை நிறுத்திட்டு அடியில ஒட்டின ஐஸைச் சுரண்டிக்கிட்டிருந்தான்.

"வயட், என்னை உன்கூடச் சேர்த்துக்கடா."

அவன் நிமிரலை. "உனக்கு என்ன வேலை தெரியும்?"

யோசிச்சேன். "ஆளைத் தூக்கத் தெரியும்"னு பல்லை இளிச்சேன்.

அவன் சிரிக்கலை. "ரெண்டாவது கடிதத்தை எங்கம்மா பிரிச்சுட்டாங்க, ட்ரினா. எனக்கு நிஜமாவே வேலை போயிடுச்சுன்னு நினைச்சு, வீட்டுச் செருப்போட பனியில இங்க ஓடி வந்து, மேனேஜர்கிட்ட அழுதிருக்காங்க."

எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அந்தத் தாள்ல சின்னம் சரியா நடுவுல வரணும்னு நான் ஒரு மணி நேரம் மெனக்கெட்டிருக்கேன். மன்னிச்சுக்கடான்னேன். அவன் சுரண்டி முடிச்சான். அப்புறம் ஒரு பட்டியலை நீட்டி, வர்றதை நிறுத்தின பொம்பளைங்க ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிக் காரணம் கேக்கச் சொன்னான். இருபத்திரெண்டு பேர். மூணு நாள் பேசினேன், காது புண்ணாகிடுச்சு.

ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவுக்கு, அது ஒத்தை ஆள் குழுவா இருந்தாலும், மாறணும்னா மேடம் கையெழுத்துப் போடணும். சேர்த்துக்கிறவன் காரணத்தை எழுதிக் கொடுப்பான், மேடம் அதை வகுப்புலயே படிப்பாங்க. வயட் என்ன எழுதினான்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் பயம்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சாங்க. "'ட்ரினாவுக்கு எந்த வேலையும் தெரியாது. ஆனால் தப்பு பண்ணிட்டேன்னு வந்து நின்னது அவள் ஒருத்திதான்.'" அறுபது பேரும் சிரிச்சாங்க. முன்வரிசையில கார்பின்தான் ரொம்பச் சத்தமா.

"எழுதியிருக்கிறது உண்மையா, ட்ரினா? நீ ஒத்துக்கிட்டாதான் நான் கையெழுத்துப் போடுவேன்."

எழுந்தேன். "புதிய திறன்களை வளர்த்துக்கொள்ளும் கட்டத்தில் நான் தற்போது..."

"உண்மையா, இல்லையா?"

திரும்பி வயட்டைப் பார்த்தேன். அவன் மட்டும் சிரிக்கலை.

"உண்மைதான், மேடம்"னேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாது."

மேடம் பேனாவை எடுத்தாங்க.