வீம்புக்கு வளர்ந்த புங்கை

ஈவ்லின் அந்தப் புங்கை மரத்தை வளர்த்தது முழுக்க முழுக்க வீம்புக்குத்தான். மரத்தின் மேல் பாசமோ, மழை பொய்த்துவிடுமே என்ற கவலையோ ஆரம்பத்தில் அவளுக்குக் கிடையாது. புருஷன் ஆஸ்டின் மேலும் அவனுடைய மன்றத்து ஆட்கள் மேலும் இருந்த ஆத்திரம்தான் அதற்கு உரம்.

ஆஸ்டினுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அது சோற்றுக்கு. மற்றபடி அவன் நடிகர் சுடர்நாயகன் நற்பணி மன்றத்தின் பம்மல் கிளைத் தலைவர். சுடர்நாயகனுக்கு இவனைவிட மூன்று வயது குறைவு, ஆனாலும் இவனுக்கு அவர் ‘அண்ணன்’. ஈவ்லினின் பிறந்தநாள் எந்த மாதம் என்று கேட்டால் தலையைச் சொறிவான். அண்ணனின் முதல் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

முன்பெல்லாம் அண்ணன் பிறந்தநாள் என்றால் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள், சரவெடி கொளுத்துவார்கள், ரோட்டை மறித்துப் பிரியாணி போடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விழாவில் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “என் மேல உண்மையான அன்பு இருந்தா பால் ஊத்தாதீங்க, மரம் நடுங்க. பூமி கொதிக்குது” என்று தழுதழுத்துவிட்டார். அவ்வளவுதான், கிளைக்குக் கிளை நட ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, ஊற்ற இவர்களுக்கும் தோன்றவில்லை.

பம்மலில் மரம் நட மண் வேண்டுமே! வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் உரசிக்கொண்டு நிற்கிற தெரு அது. ரோடு சிமெண்ட், ஓரம் சிமெண்ட், வாசல் சிமெண்ட். ஆஸ்டின் வீட்டுக்கு முன்னால் மட்டும், பழைய கரண்ட் கம்பத்தைப் பிடுங்கிய இடத்தில், இரண்டடிக்கு இரண்டடி மண் மிஞ்சியிருந்தது. ரோடு போட்ட காண்ட்ராக்டர் மறந்துவிட்டுப் போன குழி. கிளையின் பசுமைப் பணிக்கு அதுதான் வாய்த்தது. மன்றத்துக்கென்று போனில் ஓர் ஆப் இருந்தது. எந்த இடத்தில் நடுகிறோம் என்று கிளை அதில் பதிந்துகொள்ள வேண்டும், அந்த இடத்தில் நின்று எடுத்த படம் மட்டும்தான் தலைமைக்குப் போகும். பம்மல் கிளை இந்தக் குழியைப் பதிந்துகொண்டது.

ஜூன் மாதம் நடுவார்கள். ஜூலையில் வாடும். ஆகஸ்டில் ஆடு மேயும். மிச்சம் இருக்கிற குச்சியை அடுத்த ஜூனில் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த கன்றை வைப்பார்கள். ஐந்து வருஷம், ஐந்து கன்று, ஒரே குழி. தலைமையின் பட்டியலில் பம்மல் கிளை ஐந்து மரங்களை வளர்த்து ஆளாக்கியிருந்தது.

அவர்கள் பூமியைக் காப்பாற்றிவிட்டுப் போன பிறகு வாசலைப் பெருக்குவது ஈவ்லின். பிளாஸ்டிக் கப்பு, தண்ணீர் பாக்கெட், ஜிகினாத் தாள், கிழிந்த பேனர் என்று ஒரு சாக்கு தேறும். எதிர் வீட்டுக் காமு வேறு, “இன்னாக்கா, உங்க வூட்டு வாசலு செடிங்களுக்கு சுடுகாடா கீது?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்து நாலு பேருக்கு உத்தரவு போடுகிற ஈவ்லினுக்கு, சொந்த வாசலில் இப்படி மானம் போவது பொறுக்கவில்லை.

போன ஜூனில் ஐந்தாவது கன்றை நட்டுவிட்டு அவர்கள் கலைந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குழி காலியாக இருந்தால்தானே அடுத்த வருஷம் வருவார்கள்? இந்தச் சனியனைச் சாகவிடக் கூடாது. போர் தண்ணீர் உப்பு, செடிக்கு ஆகாது. அரிசி கழுவின தண்ணீர், லாரித் தண்ணீரில் அரைக் குடம் என்று தினமும் ஊற்றினாள். ஆட்டுக்குப் பயந்து முள் கட்டினாள். திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள். கன்று அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் வளர்ந்தது. மழைக்காலம் தாண்டியபோது அவள் தோளுக்கு வந்தது, சித்திரையில் தலைக்கு மேல் போய்விட்டது.

மே மாதம் ஒரு மதியம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்து வந்தவள், கதவைத் திறக்காமல் அதன் கீழே நின்றாள். ஒரு குடை அளவு நிழல்தான். ஆனால் அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான் நிழல். ‘என் மரம்’ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் அவள் திட்டாமல் ஊற்றினாள்.

ஆஸ்டின் இதில் எதையும் கவனிக்கவில்லை. பைக்கை எடுக்கும்போது கிளை முகத்தில் இடித்தால், “சே, இன்னா இது?” என்பான். அவ்வளவுதான்.

இந்த ஜூன் வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது. மன்றத்தின் மாவட்டச் செயலாளர் முனிரத்தினம், வெள்ளைச் சட்டையில் அண்ணன் படம் போட்ட பேட்ஜோடு காரிலிருந்து இறங்கினார். பின்னால் இருபது பேர். ஒருவன் கையில் கறுப்புப் பையில் ஒரு சாண் கன்று.

“இன்னா ஆஸ்டின், குழி எங்கப்பா?”

ஆஸ்டின் மரத்தை மேலும் கீழும் பார்த்தான். “செயலாளரே, இங்கதான் இருந்துச்சு.”

ஈவ்லின் வாசலுக்கு வந்தாள். “போன வருஷம் நீங்க வெச்ச கன்னுதான் சார் அது. சாகாம இருக்கு. அது ஒரு குத்தமா?”

“குத்தம் இல்லம்மா. நாங்க புச்சா ஒண்ணு நட்டாகணும். இத்த எடுத்து வேற எடத்துல வெச்சுடலாம்.”

“வேற எடம் இருந்தா புதுசை அங்கே வெச்சுக்கோங்களேன்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனிரத்தினத்தின் முகம் சிவந்தது. “ஆப்புல பதிஞ்ச எடம் இதும்மா. மத்த எடத்துல எடுத்தா எண்ணிக்கையில வராது. அனகாபுத்தூர் கிளைல இந்நேரம் நட்டு முட்ச்சு டீ குட்ச்சிகினு கீறான். ஆஸ்டின், உன் வூட்டம்மாகிட்ட நீயே சொல்லு.”

“ஈவ்லின், உள்ள போ” என்றான் ஆஸ்டின்.

“எதுக்குப் போகணும்? ஒரு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க இதுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தியிருந்தா சொல்லுங்க, நான் போறேன்.”

இருபது பேருக்கு முன்னால் பெண்டாட்டி இப்படிக் கேட்டால் ஒரு கிளைத் தலைவன் என்ன செய்வான்? ஆஸ்டின் கடப்பாரையைக் கையில் வாங்கினான். ஈவ்லின் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“குத்துங்க. முதல்ல என் கால் மேல குத்திட்டு அப்புறம் மரத்துக்கு வாங்க.”

“இன்னாடி, மெரட்றியா?”

“ஆமா, மிரட்டுறேன். உங்க அண்ணன் பேரச் சொல்லி இன்னைக்கு இதுல கை வெச்சீங்கன்னா, நாளைக்கு அந்த ஆளு படத்தை ஒண்ணுவிடாம சுவத்துலேர்ந்து பிடுங்கி அடுப்புல வைப்பேன்.”

அந்த ஆளு! கூட்டம் ஓவென்று பொங்கியது. ஒருவன் செருப்பைக் கழற்றினான். இன்னொருவன் ஆஸ்டினைப் பார்த்து, “இன்னா தலைவரே, பாத்துகினு நிக்கிற?” என்று கத்தினான். மாடியில் நின்ற காமுவின் போன் இந்தப் பக்கம் திரும்பியது. தெருவில் நாலைந்து போன்கள் உயர்ந்தன. முனிரத்தினம் விவரமான ஆள். மரம் நடும் விழாவில் மரத்தைப் பிடுங்குகிற வீடியோ வெளியே போனால் தன் பதவி என்னவாகும் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஏய், நிறுத்துங்கடா! யாரும் நடவே வேணாம். ஈர மண்ணை அடியில குவி. மாலையைப் போடு. நாம நட்ட மாதிரி புட்ச்சிகினு நிக்கலாம். மரம்னா மரம்தான், சின்னது இன்னா, பெருசு இன்னா?”

ஈவ்லின் விலகி நின்றாள். “தொட்டுக்கோங்க. ஆட்டாதீங்க” என்றாள்.

படம் எடுத்தார்கள், கோஷம் போட்டார்கள், போனார்கள். அவள் ஜெயித்துவிட்டாள். இனி வருஷா வருஷம் இப்படித் தொட்டுக்கொண்டு நிற்கட்டும், யாருக்கு நஷ்டம் என்று அன்றைக்குச் சாயங்காலம் சந்தோஷமாக ஒரு குடம் கூடவே ஊற்றினாள். ஆஸ்டின் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதுவும் அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அவன் முகம் மலர்ந்தது. மற்ற கிளைகள் எல்லாம் ஒரு சாண், இரண்டு சாண் கன்றோடு நிற்க, பம்மல் கிளை மட்டும் ஏழடி மரத்தோடு நின்ற படம் தலைமையை அசத்திவிட்டதாம். ராத்திரி முழுக்க போன் பேசிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவளோடு சிரித்துப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இல்லாத அதிசயமாக அவனே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, “எனக்கு வயிறு சரியில்ல, நீ சர்ச்சுக்குப் போய்ட்டு வா. மெதுவா வா” என்றான்.

அந்தக் காபியிலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சண்டை ஓய்ந்தது என்று நம்பிக் குடித்துவிட்டுப் போனாள்.

ஆராதனை முடிந்து, பெண்கள் ஐக்கியக் கூட்டமும் முடிந்து அவள் தெருமுனையில் திரும்பியபோது மணி ஒன்று. வாசல் வெளிச்சமாக இருந்தது. ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேதான் கிட்டே போனாள். குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சுற்றிலும் மண்ணும், அறுபட்ட வேர்த் துண்டுகளும்.

காமு இறங்கி வந்தாள். இந்தத் தடவை அவள் குரல் தாழ்ந்திருந்தது. “உங்க வூட்டுக்காரரும் நாலு பேரும் மரத்த குட்டியானை வண்டில ஏத்திகினு போனாங்கக்கா. ஊரப்பாக்கத்துல கிரவுண்டுல விழாவாம், சுடர்நாயகன் வராராம், இந்த மரத்தியே அவரு கையால நடணுமாம். ஏன்பா அக்கா இல்லாத நேரத்துலன்னு கேட்டேன். எங்க வூட்டு மரம், உனுக்கு இன்னா பேஜாருன்னாரு.”

ஈவ்லின் அங்கேயே, பைபிள் வைத்த பை தோளில் தொங்க, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள். ஆஸ்டினுக்குப் போன் போட்டாள். எடுத்தான், ஒரே கைதட்டலும் விசிலும், கட் பண்ணிவிட்டான். மறுபடி போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

இரண்டு வீடு தள்ளிக் கொத்தனார் சின்னப்பன் மாடிப்படி பூசிக்கொண்டிருந்தார். ஈவ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

“அண்ணா, என் வாசல்ல ஒரு குழி இருக்கு. மூடணும்.”

“மண்ணு தள்ளிடலாம்மா.”

“மண்ணு வேணாம். ஜல்லியும் சிமெண்டும்.”

சின்னப்பன் வந்து பார்த்தார். “இந்தத் தெருவுல மழத்தண்ணி எறங்கறதுக்கு இது ஒரு எடம்தாம்மா கீது. அதியும் அடைக்கணுமா?”

“அடைங்க.”

அவளுக்குத் தெரியாமல் இல்லை. தான் செய்வது பாவம் என்றுகூட நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஜல்லிச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள். இனி எவனும் இங்கே எதையும் நட்டுக் கொல்லக் கூடாது. நான்கு மணிக்குச் சின்னப்பன் மட்டப்பலகையை இழுத்து மழமழவென்று முடித்துவிட்டுப் போனார். ஈவ்லின் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு ஆஸ்டின் வந்தான். தலைமுடியில் ரோஜா இதழ், குரல் கட்டிப்போயிருந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு கன்று. அவன் கண்கள் படியில் இருந்த அவளை மட்டும்தான் பார்த்தன.

“ஈவ்லின், கோவிச்சுக்காத, மொதல்ல இதப் பாரு. உன் மரத்த அண்ணன் கட்டிப்புடிச்சாரு! அஞ்சாயிரம் பேரு முன்னால!”

போனை நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். மேடையில் ஒரு நீல டிரம். அதற்குள் அடங்குவதற்காக வேர்களைச் சுற்றி வெட்டியிருந்தார்கள். இலைகள் சுருண்டு தொங்கின. நடிகர் அழகாகக் கண்கலங்கியிருந்தார்.

“நட்டாரா?”

“டிரம்முல வெச்சாரு. அப்புறம் பேசினாரு. தூள்!”

“தண்ணி ஊத்துனாரா?”

“தண்ணியா? அது... கவனிக்கல.”

“இப்ப மரம் எங்க?”

அவன் நிஜமாகவே யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது, அதுதான் அவளுக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. “ஸ்டேஜ் பிரிக்கிறப்ப அந்தாண்ட தள்ளி வெச்சிருப்பாங்க. வுடு. அதுக்குத்தான் அண்ணன் அவரு கையாலேயே எனக்கு இதைக் குடுத்திருக்காரே! மகிழம் கன்னு. இந்த தடவ பாரு, நானே தண்ணி ஊத்துறேன். சத்தியமா. குழிதான் காலியா...”

சொல்லிக்கொண்டே திரும்பியவன், அப்போதுதான் அதைப் பார்த்தான். குனிந்து விரலால் தொட்டான். ஈரச் சிமெண்ட் விரலில் ஒட்டியது.

“ஐயோ! இன்னாடி பண்ணி வெச்சிருக்க? அண்ணன் கையால குடுத்தது. இத நான் எங்கடி நடுவேன்?”

“அண்ணனையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஈவ்லின் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

ஆஸ்டின் கன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான். எதிர் வாசல் சிமெண்ட். அடுத்த வாசல் சிமெண்ட். கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். கன்றின் வேரில் ஒட்டியிருந்த ஒரு பிடியைத் தவிர, அந்தத் தெருவில் அவன் கண்ணுக்கு எங்கும் மண் தென்படவில்லை.