முந்நூறு குஞ்சும் ஒரு தகர அடுப்பும்

கார்த்திகை மழை மூன்றாம் நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இடைசெவலில் விடியற்காலை நாலரைக்குப் போன கரண்டு திரும்பவில்லை. ஆனாலும் பிரேமா பதறவில்லை. போன ஐப்பசியில் இதே மாதிரி கரண்டு போய், சூட்டுக்குப் போட்டிருந்த பல்பு அணைந்து, அவள் வாங்கி விட்டிருந்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் விறைத்துச் செத்துப்போயின. "கோழி நமக்குத் தோதுப்படாது. பேசாம என்கூட ஆட்டுக் கிடைக்கு வா" என்று ஆடு மேய்க்கும் அவள் வீட்டுக்காரர் ஜெயகிருஷ்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டு வாங்கிய தவணை இது. இதுவும் போனால் அவள் வாய் திறக்க முடியாது.

அதனால்தான் இந்த முறை முதலில் அடுப்பு வாங்கினாள், அப்புறம் குஞ்சு வாங்கினாள். கோவில்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் இசக்கிதுரை அண்ணாச்சி செய்து கொடுத்த இரும்பு அடுப்பு அது. காய்ந்த பருத்திச் செடிக் குச்சியான பருத்திமாரையும் கடலைத் தோட்டையும் அரைத்து, இறுக்கி, சுண்டுவிரல் அளவில் உருட்டிய பெல்லட்தான் அதற்கு எரிபொருள். மேலே ஒரு பெட்டி. அதில் கொட்டினால் சாய்ந்த குழாய் வழியாகத் தானாகச் சரிந்து தீக்குள் விழும். கரண்டு வேண்டாம், ஊத வேண்டாம். புகை தனிக் குழாயில் சன்னல் வழியாக வெளியே போய்விடும். வீட்டின் இரண்டாவது அறையைக் காலி பண்ணி, செங்கல் மேல் அடுப்பை வைத்து, குஞ்சுகள் தீயை விட்டு எட்டி நிற்கிற மாதிரி தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டி, அதற்குள் நாலு நாள் வயசுக் குஞ்சுகள் முந்நூறை விட்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தீவன மூட்டை கோவில்பட்டி பஸ்ஸில் வருவதாகப் போன் வந்தது. மெயின் ரோடு வரை கரிசல் பாதை. மழையில் செருப்பு போட்டால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும், கால் மட்டும்தான் வெளியே வரும். போய்வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பக்கத்து வீட்டிலேயே இருக்கும் ஜெயகிருஷ்ணனின் அக்கா வெள்ளைத்தாயைக் கூப்பிட்டாள்.

"மதினி, செத்த பாத்துக்கிடுங்க. பெட்டி குறைஞ்சா மூட்டையில இருந்து அந்தச் சொளகால ரெண்டு தரம் அள்ளிப் போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வெள்ளைத்தாய் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "என்னட்டி இது, ஆட்டுத் தீவனம் மாதிரி இருக்கு? உன் மாப்பிள்ளை கிடாயெல்லாம் பாத்தா நாக்கைத் தொங்கப் போட்டுரும்."

"அதுக்குத்தான் ரூமுக்குள்ள வச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் பிரேமா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளைத்தாய்க்கு அடுப்பு புதுசில்லை. பதினெட்டு வருசமாக இட்லிக் கடை. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தகர அடுப்பில் மரத்தூளை அடைத்துத்தான் எரிப்பாள். தூளில் லேசாகத் தண்ணீர் தெளித்து, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உலக்கையால் குத்தி இறுக்கி, பாட்டிலை உருவினால் வழி கிடைக்கும். மதியம் வரை நின்று எரியும். அன்றைக்கு இட்லிக்கே அவளிடம் இருந்த தூள் சரியாகப் போயிற்று. மர மில்லிலிருந்து மூட்டை வரவில்லை.

அவள் இந்தப் புது அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெல்லட் கடகடவென்று இறங்கியது. இந்த வேகத்தில் தின்றால் சாயங்காலம் என்ன செய்வாள் இந்தப் பிள்ளை? இருப்பதோ ஒரே மூட்டை. வெள்ளைத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. மூட்டையைத் தரையில் கொட்டினாள். செம்பில் தண்ணீர் எடுத்துத் தெளித்துத் தெளித்துப் பிசறினாள். பெட்டி நிறைய அள்ளிப் போட்டு, உலக்கையை எடுத்து நாலு குத்து குத்தினாள்.

பிரேமா திரும்பி வந்தபோது சன்னல் குழாயில் புகை இல்லை. தீவன மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தீ அணைந்திருந்தது. குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பரப்பினாள். அடியில் கிடந்த ஏழு எழுந்திருக்கவே இல்லை.

"நின்னு எரியட்டும்னுதான் தண்ணி தெளிச்சேன்" என்றாள் வெள்ளைத்தாய். "என்னமோ அமந்துபோச்சு."

பிரேமா பெட்டிக்குள் கையை விட்டாள். பெல்லட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஊறி, உப்பி, உதிர்ந்து தூளாகக் கிடந்தது. குழாய் முழுக்க அடைத்திருந்தது. தரையில் இருந்த குவியலும் அப்படித்தான்.

"தண்ணி படக் கூடாத சாமான் மதினி இது! வேற ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்!"

"தண்ணி தெளிக்காதேன்னு சொன்னியா?"

சொல்லவில்லைதான். பிரேமா இசக்கிதுரை அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். நாளைக்கு முதல் பஸ்ஸில்தான் வேறு பெல்லட் மூட்டை ஏற்ற முடியும் என்றார். கேஸ் முந்தாநாளே தீர்ந்துவிட்டது, வண்டி ஊருக்குள் வரவில்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. பரப்பிவிட்ட குஞ்சுகள் மறுபடியும் மூலைக்கு நகர ஆரம்பித்தன.

வெள்ளைத்தாய் வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போறீங்க?"

"இங்கன நின்னு நான் என்ன கிழிக்கப் போறேன்? செய்யுததையெல்லாம் செஞ்சாச்சுல்ல."

பிரேமா அடுப்புப் பக்கம் திரும்பினாள். கையில் ஒட்டியிருந்த தூளை உதறப் போனவள், உதறாமல் ஒரு பிடி அள்ளி இறுக்கினாள். உருண்டையாக நின்றது. விட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மதினி, இங்க வாங்க. இது உங்க அடுப்புக்கு ஆகுமா?"

வெள்ளைத்தாய் வாங்கிப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள், முகர்ந்தாள். "ஈரம் கொஞ்சம் கூட. அடியில கிடக்கது சரியா இருக்கும். ஆனா இது புகையும்டி. குஞ்சு தாங்காது."

"அடுப்பு வெளிய எரியட்டும். சுடுதண்ணி மட்டும் உள்ள வரட்டும்."

அதற்குமேல் வெள்ளைத்தாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. தகர அடுப்பைத் தூக்கிவந்து தாழ்வாரத்துச் சாய்ப்பில் வைத்தாள். பாட்டில் நின்றது, உலக்கை இறங்கியது, காய்ந்த பனையோலையில் தீ ஏறியது. முதலில் கண்ணைக் கரிக்கும் புகை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செந்தணல். அண்டாவில் தண்ணீர் கொதித்ததும் ஆறு எவர்சில்வர் குடத்தில் ஊற்றி, மூடி, சாக்கைச் சுற்றித் தகர வளையத்துக்குள் ஆங்காங்கே வைத்தார்கள். மேலே பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினார்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஆறினதை எடுத்துச் சுட்டதை வைக்க வேண்டியிருந்தது.

"கோழிக்குப் பேறுகாலம் பாக்குத மாதிரில்லா இருக்கு" என்றாள் வெள்ளைத்தாய், குடத்தை இடுப்பில் ஏற்றியபடி.

"முந்நூறு பிள்ளைல்ல" என்றாள் பிரேமா.

மூன்று மணி வாக்கில் குஞ்சுகள் மூலையை விட்டு வந்து குடங்களைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்தன. நாலரைக்கெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிப் படுத்து, சில தீவனத் தட்டுக்கும் போயின. சூடு சரியாக இருந்தால்தான் அப்படிப் பரவும். பிரேமா ஒவ்வொன்றாக எண்ணினாள். செத்தது ஏழுக்கு மேல் போகவில்லை. தூள் இன்னும் முக்கால்வாசி கிடந்தது. விடியும் வரை தாங்கும்.

அப்போதுதான் ஜெயகிருஷ்ணன் போனில் கூப்பிட்டார். நாகலாபுரம் பக்கம் கிடை போட்டிருந்தார்.

"கரண்டு இல்லேன்னாவளே. குஞ்சு இருக்கா?"

"இருக்கு. ஏழு போச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்கு."

"அடுப்பு எரியுதா?"

பிரேமா வெள்ளைத்தாயை ஒரு தரம் பார்த்தாள். "எரியுது. மதினியும் இங்கனதான் இருக்காவ."

வெள்ளைத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள். "ஏலே, உன் பொண்டாட்டி மறைக்கா. அடுப்பில தண்ணிய ஊத்திக் கெடுத்தது நான். குஞ்சைக் காப்பாத்தினது அவ யோசனை. கிடைக்கு வா, கிடைக்கு வான்னு இனி அவளைக் கூப்பிட்டேன்னா எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிடுவ. வையி போனை, குடம் ஆறிப்போச்சு."