முதல் ஊரில் ஓநாய்கள் நலம்

1

இந்தக் கதை ஒரு தடையுத்தரவில் பிறந்தது. "மாமா, ஆபீஸ்ல நடந்ததை எங்கேயும் எழுதி வச்சிடாதீங்க" என்றாள் மருமகள். எழுதும் எண்ணமே அதுவரை எனக்கு இல்லை. ஆகவே, இதில் குற்றம் காண்பவர்கள் அவளிடமே பேசிக்கொள்ளவும்.

இணையத்தில் ஊர் உலகமெல்லாம் ஒரே நேரத்தில் புகுந்து, ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு, வாளும் கையுமாகத் திரியும் விளையாட்டு ஒன்றை அவள் அலுவலகம் நடத்துகிறது. மலை, கடல், சந்தை, பூதம் என்று அதில் ஒரு முழு நாடே உண்டு. அந்த நாட்டில் என் மருமகளின் பொறுப்பு வாசற்படி மட்டும். புதிதாக வருகிறவர் கண் விழிக்கும் சின்ன ஊர் அது. நடக்க, பேச, வாள் பிடிக்க அங்கே பழகிக்கொண்டு பிறகு பெரிய உலகத்துக்குப் போகவேண்டும். அலுவலகத்தில் அதை 'முதல் ஊர்' என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே கட்டத் தொடங்கியவள், இன்னும் ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

வந்தவர்களில் பாதிப்பேர் முதல் ஊரைத் தாண்டாமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஊரை இடித்துவிட்டு, வருகிறவர்களை நேராகப் போர்க்களத்தில் இறக்கிவிடலாம் என்றார் அவளுடைய மேலாளர். அதற்குமுன் கடைசியாக ஒரு சோதனை: வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடாத ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பது. அப்படியொரு பிராணி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

2

இனி ஆரம்பிக்க வேண்டும்.

ஓநாய் ஊளையிட்டது. [வேண்டாம். ஊளையில் தொடங்கினால் கடைசிவரை ஊளையிட வேண்டிவரும்.]

என் மருமகள் அழுது நான் பார்த்ததே [பார்த்திருக்கிறேன். என் கணினியைச் சரிசெய்யும்போதெல்லாம் அழுவாள்.]

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். தொலைபேசிப் புத்தகம் ஒன்றில் நான் திருத்திய ஓர் எண்ணால், முன்பின் தெரியாத இருவர் பேசிப் பழகிக் கல்யாணமே செய்துகொண்டார்கள். இன்றும் என்னைத் திட்டிக்கொண்டே சேர்ந்து வாழ்கிறார்கள். [உண்மைதான். ஆனால் அது வேறு கதை. பிழை திருத்துபவன் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு அடுத்த பகுதியில் தேவைப்படும்.]

வாசகர் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறவர். முதல் வரி சரியில்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவார். "உன் வேலையும் என் வேலையும் ஒண்ணுதாம்மா" என்றேன் மருமகளிடம்.

"என் ஊர்ல எத்தனை பேர் எங்க நின்னாங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. உங்க முதல் பத்தியில எத்தனை பேர் நின்னாங்க?"

தெரியாது என்பது எழுத்தாளனுக்குக் கிடைத்த பெரிய வரம்.

3

மேலாளர் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவருக்கு ஒரு மீசை வைத்து உறுமவிட்டேன். நிஜத்தில் அவர் என் முதுகுக்குத் தலையணை தேடிக் கொண்டுவந்தவர். எதையும் ஏறும் கோடு, இறங்கும் கோடு என்றே சொல்வதால் 'கிராஃப் சார்' என்று அவருக்குப் பெயர்.*

"ஊரை இடிக்க எனக்கு மட்டும் ஆசையா ஐயா?" என்றார். "ஆளு நிக்கலைன்னா கடையையே சாத்தணும். இங்க இருக்கிற எல்லாரும் வீட்டுக்குப் போகணும்."

உடனே மீசையை எடுத்துவிட்டேன்.

* தன் கல்யாணத்தையும் அப்படித்தான் சொன்னார். எந்தக் கோடு என்று நான் கேட்கவில்லை.

4

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் ஒரு கணினியும். அந்தப் பக்கம் அவர்கள் இருவரும். எனக்கு உதவக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது எனக்கு. இதைவிடச் சுலபமான வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஊர் வாசலில் கண் விழித்தேன். எதிரே நேரான பாதை. அதன் ஓரத்தில் ஒரு காவலன் நின்றான். அவன் தலைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி மிதந்தது.

"முதல் பிழை" என்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் மருமகள் நெற்றியில் கைவைத்தாள். அந்தக் குறி இருக்கிறவனிடம் போய்ப் பேசினால் ஓநாயைக் கொன்று வா என்பதுபோல் ஒரு வேலை கொடுப்பான், அதைச் செய்துதான் முன்னேறவேண்டும் என்பது விளையாடுகிற உலகத்துக்கே தெரியுமாம். என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குறியைக் கண்ட இடத்தில் அடிப்பது. அடுத்து ஒரு கொல்லன், அவன் தலையிலும் அதே. "இவனுக்கும் நழுவியிருக்கு. அச்சுக் கோக்கிறவனை மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே கடந்தேன்.

பாதை ஒரு கிணற்றில் முடிந்தது. பக்கத்தில் ஒரு பெண், தலைக்கு மேல் எதுவும் இல்லாமல். அழகுக்காக நிறுத்திவைத்த பொம்மை.

"இன்னைக்குத் தண்ணி நல்லா இருக்கு" என்றாள்.

"அப்படியா" என்றேன். நான் நகரவில்லை. மறுபடி அதையே சொன்னாள். நானும் மறுபடி அப்படியா என்றேன். சோதனை முடியும்வரை எங்கள் உரையாடலில் ஒரு குறையும் இல்லை. ஓநாய்களும் நலம், நான் ஒன்றையும் கொல்லவில்லை.

5

கிராஃப் சார் கதவைத் திறந்து வந்தார். "ஐயா, ஓநாய்த் தோல் கேட்டு வேலை கொடுக்கக் காவலனும் கொல்லனும் காத்திருந்தாங்க. நீங்க ஏன் கிணத்தடியிலேயே நின்னுட்டீங்க?"

"வேலை சொல்லாதவ அவ ஒருத்திதான்" என்றேன். "வந்தவனை முதல்ல உட்காரச் சொல்லணும் சார். அப்புறம் ஓநாய்த் தோல் கேக்கலாம்."

அவர் அசந்துபோனார். என் வாக்கியத்தை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஊரை இடிப்பதை நிறுத்திவைத்தார். கிணற்றடியில் ஒரு பெஞ்ச் போடச் சொன்னார். மறுநாள் என் வாக்கியம் அலுவலகச் சுவரில் தொங்கியது, பிழையில்லாமல்.

[கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு.]

6

"மாமா, ஒண்ணு கேக்கவா?" மருமகள் வீட்டில் என் எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். "நீங்க தொட்ட ஒவ்வொரு கீயும் பதிவாகும். மேல் அம்புக்குறியைத் தவிர வேற எதையுமே நீங்க அமுக்கல."

"அப்படியா" என்றேன், பழக்கதோஷத்தில்.

"உங்களுக்குப் பக்கவாட்டுல திரும்பத் தெரியல. கிணத்துல முட்டிக்கிட்டு நின்னிருக்கீங்க."

"தெரியலன்னு சொன்னா கேவலமா இருக்குமேம்மா."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். திரையை என் பக்கம் திருப்பினாள். "விட்டுட்டுப் போனவங்க பதிவையெல்லாம் எடுத்தேன். முக்காவாசிப் பேர் இதே கிணத்துல முட்டித்தான் நின்னிருக்காங்க. கேக்க வெக்கம், போயிட்டாங்க. வாசலுக்கு நேரா கிணத்தை வச்சது நான் மாமா. பாக்க லட்சணமா இருக்கும்னு."

"சத்தமில்லாம தள்ளி வச்சிடேன்."

"ஏன் தள்ளினேன்னு சொல்லாம தள்ளினா, அடுத்து கட்டுறவ அதே இடத்துல வைப்பா." மடிக்கணினியை மூடினாள். "சொன்னா, உன் ஊருதானே ஆளைத் துரத்துச்சு, இடின்னு சார் சொல்லிடுவாரு. உங்க மானமும் போகும். சுவத்துல வேற தொங்குது."

"என் மானம் அடிக்கடி போயிட்டு வர்றதுதான். நீ உன் ஊரைப் பாரு."

7

முடிவு அ. அவள் சொல்லவில்லை. பெஞ்ச் புகழ் பெறுகிறது, கூடவே நானும். [இதை மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் 'நீக்குக' என்று குறித்தாள், என் சிவப்புப் பேனாவாலேயே.]

முடிவு ஆ. அவள் சொல்கிறாள். அவர் தலையசைத்து, முதலில் கொல்லன் பட்டறையை, பிறகு அவள் அத்தனை ஆசையாக [கை வரவில்லை.]

முடிவு இ. நான் கண்டது இதுதான்.

கிராஃப் சார் அறைக்கு வெளியே என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடியில் பேச்சு கேட்காது. அவள் ஒற்றை விரலை மேசைமேல் ஊன்றி, எடுக்காமல் அழுத்திக் காட்டினாள். சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையின் வேலைப்பாட்டை ரசித்தேன்.

மறுபடி பார்த்தபோது அவர் விசைப்பலகையை இழுத்து, புது ஆளாக முதல் ஊருக்குள் நுழைந்திருந்தார். ஒற்றை விரலால் நேரே நடந்தார். காவலன், கொல்லன், கிணறு. முட்டி நின்றார். அந்த நாட்டின் மலைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறவர் அவர். திரும்பத் தெரியாதவர் அல்ல. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. மருமகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உதவக் கூடாது என்பது விதி.

விரலை எடுத்ததும் அவர் என்ன சொல்வார் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பொறுப்பு. அவசரப்பட வேண்டாம், அவர் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.