வேர்க்கொம்பு அரைத்த மெஷின்

நௌபர் நானா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நிலாவெளியில் புதிதாகக் கட்டிய தன் ஹோட்டலில் கோப்பி போட ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் யுகேந்திரன் டோகாவில் நான்கு வருடம் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்தவர். "வீட்ட வந்து குடிச்சுப் பாருங்கோ நானா" என்று இவரே போய் அழைத்திருந்தார். வேலை சரிவந்தால் எங்களோடு இருப்பார். இல்லாவிட்டால் சனிக்கிழமை விமானம், திரும்ப இரண்டு வருடம். டிக்கெட்டும் வந்துவிட்டது.

எங்கள் மகள் யசோதராவுக்கு ஐந்து வயது. அப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற முகம். இந்த முறைதான், அதுவும் வந்து மூன்று கிழமைக்குப் பிறகு, அவர் மடியில் ஏறி இருக்கத் தொடங்கியிருந்தாள். இவருடைய கோப்பி மெஷின் ஒழுங்காக அரைக்க வேண்டும் என்று நான் கும்பிடாத தெய்வமில்லை.

அதுவோ எங்களைப் பாடாய்ப்படுத்தியது. கோப்பி இறக்குகிற மெஷின் சிநேகிதர் ஒருவரிடம் வாங்கிய இரவல். அரைக்கிற மெஷின்தான் இவருடையது, டோகாவிலிருந்து பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்த சாமான். ஒரு நாள் தூள் குருணலாக விழுந்து கோப்பி வெந்நீராக ஓடியது. தூளின் பருமனை மாற்றுகிற இலக்கத்தைக் கொஞ்சம் திருப்பினால் மாவாக விழுந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. குசினிச் சுவரெல்லாம் தூள். கடற்காற்று ஈரம் என்றார். கரண்ட் குறைவு என்றார். கண்டியிலிருந்து எடுப்பித்த கொட்டை பழசு என்றார். கடைசியில் நான் ஜன்னலைத் திறந்ததுதான் குற்றம் என்றார். வந்த கோபத்தில் அந்த ஜன்னலை அறைந்து சாத்தினேன்.

நானா வருவதற்கு முதல்நாள் பின்னேரம் பிள்ளைக்குத் தடிமன். மூக்கு ஒழுகியபடி சிணுங்கினாள். மல்லிக் கோப்பி கொடுக்கலாமென்றால் என் கிரைண்டர் மோட்டர் எரிந்து கிடந்தது. இவர் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் மல்லியையும் நாலு துண்டு வேர்க்கொம்பையும், அதுதான் சுக்கையும், இவருடைய மெஷினில் போட்டு அரைத்தேன். எங்கள் வீடுகளில் கோப்பித்தூளையே இவற்றையும் சேர்த்துத்தானே அரைக்கிறோம். துடைத்து வைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

காலை ஒன்பதேகாலுக்கு இவர் கொட்டையைப் போட்டுச் சுவிச்சை அழுத்தினார். மெஷின் ஒரு தரம் உறுமியது, முனகியது, நின்றது. குசினி முழுக்க வேர்க்கொம்பு மணந்தது.

இவர் ஆணிகளைக் கழற்றினார். உள்ளே இரும்புப் பற்களுக்கிடையில் வேர்க்கொம்புத் தும்பு சுற்றி இறுகிப்போயிருந்தது. கத்தி நுனியால் நெம்பினார். ஒரு பல் உடைந்து மேசையில் விழுந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது.

"நான்தான். பிள்ளைக்கு வேர்க்கொம்பு அரைச்சனான்" என்றேன். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் கதிரையில் அமர்ந்து நீளமாக மூச்சுவிட்டார். "அப்ப நல்லதாப் போச்சு. மெஷின் பழுதெண்டு சொல்லிவிடு."

அந்த முகத்தில் இருந்தது நிம்மதி. ஒரு கிழமையாக நான் நித்திரை இல்லாமல் கிடக்க, இவருக்கு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன நல்லது? போறதுக்கு அவ்வளவு ஆசையோ?"

"கீர்த்தனி, நான் அங்க கோப்பி போடேல்ல" என்றார், மேசையைப் பார்த்தபடி. "நாலு வருஷமும் பின்னுக்கு நிண்டு கோப்பை கழுவினனான். இஞ்ச எல்லாருக்கும் வேற மாதிரிச் சொல்லியாச்சு. போனில வீடியோ பார்த்துப் பழகிடலாம் எண்டு நினைச்சன். ஏலாமப் போச்சு."

வெளியே வாகனம் வந்து நின்றது.

நான் போய் கேற்றைத் திறந்தேன். "நானா, மெஷினில வேர்க்கொம்பு அரைச்சுப் பழுதாக்கிப்போட்டன்" என்றேன். சொன்னதில் பொய் இல்லை. நௌபர் நானா சிரித்தார்.

"அதுக்கென்ன தங்கச்சி. ஹோட்டலில பெரிய மெஷின் கொண்டுவந்து பூட்டியாச்சு. தம்பி, ஏறுங்க. அங்க வந்து போட்டுக் காட்டுங்க."

இவர் வாசலில் நின்றார். காது சிவந்துபோயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, இந்த முறை திறக்கக்கூடாது என்றே நின்றேன்.

"நானா, எனக்குக் கோப்பி போடத் தெரியாது. அங்க கோப்பை கழுவினனான்."

நானா கையிலிருந்த வாகனத் திறப்பை ஒரு தரம் சுழற்றினார். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு, "கழுவவும் ஒரு ஆள் வேணும்தான். காலமை ஆறு மணிக்கு வரவேணும். ஏலுமா?"

"இல்லை நானா. எனக்குச் சனிக்கிழமை டிக்கெட்."

நானா தலையாட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

"டோகாவில கழுவலாம், இஞ்ச ஏலாதோ?" என்றேன்.

"அங்க என்னை ஆருக்கும் தெரியாது. இஞ்ச உன்ர அண்ணன் வருவான், ஊர்ச்சனம் வரும்."

மகள் அப்பாவைப் போனில் மட்டும் பார்த்த வருடங்களெல்லாம் என் நெஞ்சில் ஏறி நின்றன. வாகனம் பின்னுக்கு எடுக்குமுன் ஓடிப்போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"நானா, அந்த வேலைக்கு நான் வாறன். நாளைக்கே வாறன். பிள்ளையை அவர் பார்ப்பார்."

நானா என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தார். "ஆறு மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பின்னால் அவர் கிட்ட வந்து நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"யசோ எத்தினை மணிக்குப் பள்ளிக்கூடம் போறவள்?"