காலியாய்க் கிடந்த அறுவை மேஜை

நசுங்கிப் போன பேருந்துக் கதவை அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார் சம்மட்டி. கை முந்தும், யோசனை பிந்தும் என்பதால் பட்டறையில் அவருக்கு அந்தப் பெயர். பக்கத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அவர் தம்பி, வயிற்றைப் பிடித்தபடி சரிந்து விழுந்தான்.

"தொப்புள்கிட்ட ஆரம்பிச்சுதுண்ணே... இப்ப வலது பக்கம் உயிர் போகுது."

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். தகவல் தெரிந்து தம்பி மனைவியும் மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தம்பியின் வயிற்றில் கைவைத்தபடியே தைரியம் சொன்னார்.

"குடல்வால் வீங்கியிருக்கு. உடனே எடுத்துடணும். பயப்படாதீங்கம்மா, காலையிலகூட ஒருத்தருக்கு எடுத்தேன்."

"டாக்டர், ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் தம்பி மனைவி. "அவருக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரையெல்லாம் தவறாம சாப்பிடறார். கட்டுக்குள்ளதான் இருக்கு."

அடுப்பில் பட்டதுபோல் டாக்டரின் கை விலகியது. "இங்க அதுக்கு வசதி இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"இப்பதானே உடனேன்னீங்க?"

"ஆபரேஷன் மேஜை காலியில்லம்மா."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரவில்லை. நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்து தம்பி கதறினான். ஒரு நேரத்தில் கதறல் நின்றது. "வலி விட்டுடுச்சுண்ணே," என்றான். அண்ணன் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் தம்பியின் உடம்பு தூக்கிப் போட்டது. வயிறு பலகையாய் இறுகியது. குடல்வால் உள்ளே வெடித்திருந்தது.

ஆள் தேடி ஓடிய சம்மட்டி அறுவை அறைக் கதவைத் தள்ளினார். மேஜை துடைத்துவைத்தபடி காலியாய்க் கிடந்தது.

அதன்பிறகு அவர் மனிதராக இல்லை. டாக்டரின் அறைக்குள் புகுந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்து ரத்தம் பீறிட்டது. டாக்டர் அலமாரிமேல் மோதிச் சரிய, அதன் கண்ணாடி பொடிப்பொடியானது. காவலாளிகள் இருவர் தடியோடு பாய்ந்தார்கள். முதுகிலும் மண்டையிலும் அடி விழுந்தது. அப்போதும் சம்மட்டி பிடியை விடவில்லை.

"நிறுத்துங்க!" தம்பி மனைவி நடுவில் வந்து விழுந்தாள். அவளுக்கும் தோளில் ஓர் அடி விழுந்தது. அடித்தவன் திகைத்துத் தடியைத் தாழ்த்தினான்.

"டாக்டர், உங்க ரத்தம் இவர் கையெல்லாம் வழியுது. உங்களுக்கு என்ன நோய்னு இங்க யாராவது கேட்டோமா?" மூச்சு வாங்க, கணவனின் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் யோக்கியமா மாமா? வீட்டுல உங்க தம்பிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சது யாரு? அடுத்தவங்க ஒதுக்கினா அடிப்பீங்க, நீங்க ஒதுக்கினா அது சுத்தமா?"

சம்மட்டியின் பிடி தானாகத் தளர்ந்தது.

டாக்டர் எழுந்தார். மூக்கில் பஞ்சை அடைத்துக் கட்டிக்கொண்டு, "அவரை உள்ள கொண்டுவாங்க," என்றார்.

"சார், தனியா ஏதாவது எடுத்து வைக்கணுமா?" என்று நர்ஸ் தயங்கினாள்.

"எல்லாருக்கும் போடற கையுறை, எல்லாருக்கும் போடற கண்ணாடி. அது போதும்னு படிச்சவன்தான் நானும். பயத்துல மறந்துட்டேன்."

வயிறு முழுக்கச் சீழ். கழுவிக் கழுவி எடுத்தார்கள். சின்னத் தழும்போடு போக வேண்டியவனுக்கு வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியதாயிற்று. காய்ச்சலும் புண்ணும் அவனைப் படாதபாடு படுத்தின. ஆனால், பிழைத்துக்கொண்டான்.

தம்பி முதன்முதலாக எழுந்து உட்கார்ந்த அன்று, மண்டைக் கட்டோடு வந்து டாக்டர்முன் நின்றார் சம்மட்டி. "மன்னிச்சிடுங்க டாக்டர். உங்க மேல கை வெச்சது பாவம்."

வீக்கம் வடியாத முகத்தோடு டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நோய் யாருக்கு வேணா வரலாம்ப்பா. ஆனா வைத்தியம் ஆள் பார்த்து வரக் கூடாது. நீ கை நீட்டினது தப்புதான். உசுருக்குத் துடிக்கிறவனுக்கு நான் கை நீட்டாம இருந்தேனே, அது அதைவிடப் பெரிய தப்பு."