ஒன்பதாம் புத்தகத்தில் அவள் போய்விடுகிறாள்

கொச்சியில் எம்.எஸ்சி. கடலியல் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் பணம் கட்டி உறுதி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயம். மாப்பிள்ளை நிஜாமுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சிமெண்ட் கடை. நல்ல மாதிரி என்றார்கள். ஒரு தடவை பார்த்தேன். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்.

இடம் கிடைத்ததை அம்மாதான் அத்தாவிடம் சொன்னாள். "நல்ல மார்க்கு எடுத்திருக்கா" என்றார் அத்தா. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதைச் சொன்னார். அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நான் போக விரும்புகிறேன் என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

எனக்குப் பேச வராது. வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன். ராஜபாளையம் பஜாரில் அத்தாவுக்குக் கயிறு, தார்ப்பாய்க் கடை. நான் கடையில் இருக்கும்போது யாராவது விலை கேட்டால், விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டுவேன். அதனால் எனக்காகப் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது. நவோ பேசுவாள் என்று நம்பினேன்.

நவோ ஒரு மங்காவில் வருகிற பெண். மங்கா என்றால் ஜப்பான்காரர்களின் படக்கதை. பதினொரு புத்தகங்கள். பி.எஸ்சி. இயற்பியலில் என்னோடு படித்த மாரீஸ்வரி, ஆங்கிலத்தில் வந்த பழைய பிரதிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, படித்துவிட்டு எனக்குத் தருவாள். நவோவின் ஊர் ஒரு சின்னத் தீவு. அவளுடைய அப்பா படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். பட்டறையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு பையனுக்கு அவளைக் கட்டிவைக்க நினைக்கிறார். அவளுக்குக் கடலின் அடித்தரையை அளந்து வரைபடம் போடுகிற வேலை படிக்க வேண்டும். அதற்குத் தீவை விட்டுப் போக வேண்டும். கடலுக்கு அடியிலும் மலை உண்டு, அதை ஒலியை அனுப்பி அளப்பார்கள் என்று நான் முதலில் படித்தது அந்தக் கதையில்தான்.

ஒன்பதாம் புத்தகத்தில் அவள் போய்விடுகிறாள். அப்பாவும் மகளும் சாப்பிட உட்காருகிறார்கள். பதினான்கு பக்கங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. நவோ மீனைப் பிரித்து, முள் எடுத்து, அப்பாவின் தட்டில் வைக்கிறாள். எடுத்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறாள். அவர் சாப்பிடுகிறார். அவள் விரல். அவர் தாடை. ஒரு பக்கம் முழுக்க வெறும் சோற்று ஆவி. கடைசியில், "நான் போகிறேன்" என்கிறாள். அவர் ஒன்றும் சொல்வதில்லை. தன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார். அடுத்த பக்கத்தில் படகு.

இந்தக் கதை அனிமேயாக, அதாவது அசையும் படமாக வரப்போகிறது, தமிழிலும் பேசும் என்று ஏப்ரலில் மாரீஸ்வரி சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. டிவியில் தமிழில் வந்தால் பார்ப்பார்கள். அந்தச் சாப்பாட்டைப் பார்த்தால் போதும். அத்தா என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் போதும்.

நெட் வழியாக டிவியில், வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக மொத்தம் பன்னிரண்டு பகுதி. சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு அத்தா உட்காருவார். முதல் வாரம், "சின்னப்புள்ளக பாக்குற பொம்மப் படமா?" என்றார். மூன்றாவது வாரம், "ஏட்டி, அந்தத் தீவுக்காரி வந்துட்டாளா?" என்று கடையிலிருந்து போன் போட்டார்.

அம்மாவுக்கு நவோவின் அப்பாவைப் பிடித்துப்போனது. "ஒங்க அத்தாவ மாதிரியே முணுக்குன்னா கோவம்" என்பாள்.

"எனக்கு எங்க கோவம் வருது?" என்பார் அத்தா, கோபமாக.

எனக்கு மட்டும் முதல் வாரத்திலிருந்தே உறுத்தியது. புத்தகத்தில் நவோ வாய்க்குள் பேசுவாள். இங்கே கிணுகிணு என்று பேசினாள். அவள் சும்மா இருக்கிற இடத்திலெல்லாம் வயலின் வாசித்தார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அவள் துறைமுகத்தின் ஆழத்தை அளக்கும் அத்தியாயம் முழுசாகவே இல்லை. அது இல்லாமல் அவளுக்குக் கடல்மேல் எப்படி ஆசை வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பட்டறைப் பையனுக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். அம்மா, "தங்கமான பையன்" என்றாள்.

வியாழக்கிழமை நிச்சயத்துக்கான ரவிக்கை வாங்க அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அம்மா தையல்காரம்மாவிடம் கை அளவு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கடை தள்ளி ஸ்கேன் சென்டருக்குப் போனேன். மாரீஸ்வரிக்கு அங்கே டோக்கன் கொடுக்கிற வேலை.

"பதினொண்ணு முடிஞ்சிருச்சு" என்றாள் அவள். "இன்னும் ஆறாவது புத்தகத்துலயே நிக்கான். நாளைக்கு ஒண்ணுதான் பாக்கி."

"ரெண்டாவது சீசன் வரும்."

"எவன் சொன்னான் ஒனக்கு? கடைசிப் பகுதின்னு போட்டிருக்கான். பேரு பாத்தியா?"

பார்த்திருந்தேன். 'வீடு' என்று இருந்தது.

"வீட்ட விட்டுப் போறதுக்கும் வீடுன்னு பேரு வைக்கலாம்ல" என்றேன்.

"நீ பிசிக்ஸ்தான படிச்ச? மூணு புத்தகத்த இருபத்திரண்டு நிமிசத்துல அடைக்க முடியுமா? அதுல பதினாலு பக்கம் பேச்சே கெடையாது. இத்தன பேரு காசு போட்டு எடுத்துட்டு, செத்த நேரம் சும்மா இருக்க விடுவானுகளா?"

ஒரு பாட்டி டோக்கனை நீட்டினாள். மாரீஸ்வரி அவளை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்கத்தாகிட்ட நீயே சொல்லுட்டி."

"நவோ சொல்லுவா."

"ஏட்டி, அவ வெறும் படம்."

வெளியே அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாரீஸ்வரி தன் பையிலிருந்து ஒன்பதாம் புத்தகத்தை எடுத்து என் பையில் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை நான் சாப்பிடவில்லை. வைஃபை வயரைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தேன். நெட் வரவில்லை என்று சொல்லிவிடலாம். அவர்கள் பார்க்காமலிருந்தால் கதை பாதியில் நிற்கும், அவள் போகாமல் நின்றுவிட்டதாக ஆகாது. வயரில் கை வைத்தேன். ஆனாலும் ஒருவேளை அந்தச் சாப்பாடு வரலாம். எடுத்தவர்கள் அதைப் படித்துத்தானே இருப்பார்கள். படித்துவிட்டு அதை எப்படி விட முடியும்? கையை எடுத்துவிட்டேன்.

அத்தா கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, பொட்டலத்தில் காராச்சேவோடு வந்தார். டிவியைப் போட்டேன்.

பாதி நேரம் போனதும் சாப்பாடு வந்தது. மீன் இருந்தது. நவோ மீனைத் தொட்டாள். ஒரு முள். ஒரே ஒரு முள்தான் எடுத்தாள். உடனே வயலின். அவள் அழத் தொடங்கினாள். "அப்பா, என் கனவுகளைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று கிணுகிணுவென்று கத்தினாள். அவரும் கத்தினார். அவள் வெளியே ஓடினாள். மழை பெய்தது. துறைமுகத்தில் படகு நின்றது. அவள் ஏறவில்லை. பட்டறைப் பையன் குடை கொண்டுவந்தான். நாய்க்குட்டியும் வந்தது. அப்பா முழங்கால் போட்டு மகளைக் கட்டிக்கொண்டார். "இதுதான் என் கடல்" என்றாள் நவோ, வீட்டைப் பார்த்து. எழுத்து ஓடியது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தாவின் கண்ணும் ஈரமாக இருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நல்ல புள்ள" என்றார். "கடைசியில அப்பன விட்டுப் போக மனசு வரல பாரு."

நான் எழுந்து உள்ளே போனேன். புத்தகத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

"புத்தகத்துல இப்படி இல்லம்மா."

அம்மா எதையும் கேட்காமல் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து திறந்தாள். அரபியில் ஓதுகிற கிதாபைத் திறந்த பழக்கம்; மங்காவும் வலமிருந்து இடம்தான். எனக்கு அதற்குப் பழக ஒரு மாதம் ஆனது. நான் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் மெதுவாகப் புரட்டினாள்.

"இதுல என்ன எழுதிருக்கு?"

"ஒண்ணும் எழுதல. பாருங்க."

அவள் பார்த்தாள். விரலை முள் வரிசைமேல் வைத்தாள்.

"யாருக்கு எடுக்கா? அப்பனுக்கா?"

"ஆமா."

"அவருக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும்."

இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். "வாய் பேச வராத புள்ள மாதிரி உக்காந்திருக்கா" என்றாள்.

"வரும்மா. முடியல."

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்துக்குள் மறுபடி குனிந்துகொண்டாள். படகு வந்த பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். "போயிட்டாளா?" என்று கேட்டாள்.

"போயிட்டா."

"அதெப்படி?" என்றார் அத்தா. புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாலைந்து பக்கம் தள்ளினார். "இது எப்ப எழுதினது?"

"இருவது வருசம் இருக்கும்."

"படம் இப்பதான் எடுத்திருக்கான். எழுதினவனக் கேக்காமயா எடுத்திருப்பான்? அன்னைக்கு ஏதோ வேகத்துல அப்படி எழுதிட்டான். வயசாயிருச்சு, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும், யோசிச்சு மாத்திட்டான். பின்னாடி சொன்னதுதான சரி?"

எனக்குப் பதில் தெரியும். எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு பகுதிக்குத்தான் இடம். கதையை எங்காவது முடித்தாக வேண்டும். எழுதியது ஆண் இல்லை, ஒரு பெண். அவள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, பத்தாம் புத்தகமும் பதினோராம் புத்தகமும் இருக்கின்றன, நவோ அதில் கடலுக்கு அடியில் ஒரு மலையைக் கண்டுபிடிக்கிறாள். இவ்வளவும் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லி வென்றாலும் ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

"நான் போறேன்" என்றேன்.

"எங்க? மாடிக்கா?" என்றார் அத்தா, பொட்டலத்தை மடித்துக்கொண்டே.

புத்தகத்தில் இந்த இடத்தில் கோப்பை நகரும். அத்தா சேவுத் தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன்.

"கொச்சிக்கு. எம்.எஸ்சி. படிக்க. நாளைக்குப் பணம் கட்டணும்."

"அதான் சீட்டு கெடச்சிருச்சே. சந்தோசம்தான்."

"கெடச்சா போகணும் அத்தா. போகத்தான் பரீட்ச எழுதினேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏட்டி நூர்பானு, இவ என்ன சொல்லுதா?"

"அவகிட்டயே கேளுங்க" என்றாள் அம்மா. புத்தகத்தை அவள் மூடவில்லை.

அவர் கேட்டார். ஹாஸ்டல் யார் பார்த்தது என்று கேட்டார். கடல் இல்லாத ஊரில் பிறந்துவிட்டு அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்றார். நிஜாம் வீட்டில் என்ன குறை, பையன்மேல் ஏதாவது கேள்விப்பட்டாயா என்றார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பாதி வார்த்தை காற்றாக வந்தது. திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். வாழ்க்கையில் அத்தாவிடம் நான் மொத்தமாகப் பேசியதைவிட அதிகம் இருக்கும். ஒன்றும் எடுபடவில்லை. ஒரு கேள்வி முடிந்தால் இன்னொன்று வந்தது.

"எல்லாம் சரி" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கழிச்சு அவிய வாராக. ஊரெல்லாம் சொல்லியாச்சு. அவியகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச? நீ பேசுதியா?"

நான் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூடத் தெரியும். போன் அடித்தால் அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடுகிறவள் நான்.

"பேசுறேன்."

அவர் சிரித்ததுபோல் இருந்தது. போனை எடுத்து, நிஜாமின் அத்தா பெயரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் வைத்தார்.

"என்னங்க, வேணாங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். பேசட்டும்."

மணி அடித்தது. மறுபடி அடித்தது. போனை அணைக்க எனக்கு நேரம் இருந்தது. அத்தா அதற்காகத்தான் காத்திருந்தார். என் கை வியர்த்து போன் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மதார் பாய்" என்றது அந்தப் பக்கம். சந்தோஷமான குரல். பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றேன். "மாமா, நான் ரிஸ்வானா பேசுறேன்."

"யாரு? நம்ம ரிஸ்வானாவா? சொல்லும்மா."

"ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாம் மாமா."

பாத்திரச் சத்தம் நின்றது. அத்தா போனுக்குக் கை நீட்டினார். நான் ஒரு எட்டு பின்னால் போனேன். காரணத்தை இன்னும் சொல்லவில்லை. நிஜாம்மேல் குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். முதலில் எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

"மாமா," என்றேன், "லைன்ல இருங்க. இன்னும் இருக்கு."