பொன்னப்பன் தந்த செடிகள்

1

இந்தக் கதை ஒரு சக்கையிலிருந்து வந்தது. (பலாப்பழம் என்று எழுதிப் பார்த்தேன். அமரவிளையில் அப்படி ஒரு பழம் காய்ப்பதில்லை.) தொண்ணூறுகளின் நடுவில், மழை விட்ட ஒரு காலையில், பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் அரசு பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அமரவிளை தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் இடுப்பில் சக்கையோடு ஓடி வந்தாள். பஸ்ஸில் ஏறவில்லை. நேராக டிரைவர் பக்கம் போய், “அண்ணே, வருக்கச் சக்கையாக்கும். பிள்ளேளுக்குக் குடுங்க” என்று தூக்கிக் கொடுத்தாள்.

டிரைவர் வாங்கிக்கொண்டார். முகம் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது, கத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல். அதைவிடப் பரிதாபம் கண்டக்டர். அந்தப் பெண் நின்ற திசைக்கே அவர் தலை நிமிரவில்லை.

நான் கண்டது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சரக்கு. பிடிக்காதவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம், கோபமில்லை.

2

எப்படித் தொடங்குவது?

“ஈசாக் ஒரு பொய்யன்.” (அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே ஆளைத் தூக்கில் போட்டால் பிறகு கதையில் யார் நடப்பது?)

“ஆந்தூரியம் என்பது வெப்ப மண்டலத்துத் தாவர வகை” (பள்ளிக்கூட வாடை.)

“தாம்பத்தியம் என்பது நம்பிக்கையின் மீது கட்டப்பட்ட ஒரு” (ஐயோ. இந்த வாக்கியத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். எழுதுகிறவன் வாழ்வில் தினமும் வந்து கதவைத் தட்டும் வாக்கியம் இது.)

சரி, இப்படி: தினமும் விடிந்ததும் தங்கபாய் புருஷனின் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள்.

இது நிற்கும்.

3

புருஷன்தான் ஈசாக், அந்தக் கண்டக்டர். டிரைவர் பொன்னப்பன். பல வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. ஈசாக்கின் வீடு ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகும். காங்கிரீட் போடும்வரைக்கும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் எதுவும் வாங்குவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். தங்கபாய் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள். ஒரு ஜாக்கெட் துணி எடுத்தால்கூட, “இஞ்ச பாருங்க, இன்னைக்கு இது எடுத்தேன்” என்று கொண்டுவந்து காட்டுவாள்.

ஈசாக்கும் அப்படித்தான் இருந்தான், திருவனந்தபுரத்தில் ஒரு செடிக்கடை வாசலில் ஆந்தூரியம் என்ற பூச்செடியைக் காணும்வரை. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி. அன்றைய டூட்டி முழுக்க அவனுக்கு அதே நினைப்பு. நெய்யாற்றின்கரைக்கு டிக்கெட் கேட்டவருக்கு பாலராமபுரத்துக்குக் கிழித்துக் கொடுத்து ஏச்சு வாங்கினான். மறுநாளே வாங்கிவிட்டான். பத்திரிகைத் தாளில் சுற்றி, கண்டக்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, எவர் காலும் படாமல் காத்துக்கொண்டு வந்தான். அந்தப் பரவசத்தை நான் குறைத்து எழுத மாட்டேன். மனிதனுக்கு மண்ணில் அப்படி ஏதாவது ஒன்று வேண்டும்தான்.

வீட்டு வாசலில் தங்கபாய் கேட்டாள்: “இது எங்கேருந்து?”

“பொன்னப்பண்ணன் தந்தாரு.”

(ஏன் இந்தப் பொய்? நானும் அவனிடம் கேட்டுப் பார்த்தேன். வாங்கினேன் என்று சொன்னால் அவள் சண்டை போட மாட்டாள். ஓட்டின் ஒழுகலை ஒருதரம் பார்ப்பாள், பிறகு பேசாமல் உள்ளே போய்விடுவாள். சண்டையை அவன் தாங்குவான். பேசாமல் போவதைத் தாங்க மாட்டான்.)

அதற்குப் பிறகு வெள்ளை. ரோஜா நிறம். பச்சையில் சிவப்பு ஓரம் வைத்தது. எல்லாம் பொன்னப்பண்ணன் தந்தாரு, பொன்னப்பண்ணன் தந்தாரு. தங்கபாய் செங்கல் துண்டும் கரியும் தேங்காய்த் தொண்டும் போட்டுச் சட்டி நிரப்பினாள். தென்னோலை கட்டி நிழல் கொடுத்தாள். அவன் விடியுமுன்னே டூட்டிக்குப் போகிறவன். செடிகள் பிழைத்தது அவள் கையால்.

4

பொய் சொல்பவர்கள் முதலில் தங்கள் ஊரின் வழக்கத்தை யோசிக்க வேண்டும். ஈசாக் யோசிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கிண்ணத்தில் கறி வந்தால், கிண்ணம் வெறுமனே திரும்பாது. நாலு முருங்கைக்காயாவது அதில் கிடக்கும். அப்படியிருக்கச் செடி செடியாகத் தருகிற மனிதருக்குத் தங்கபாய் சும்மா இருப்பாளா? சக்கை போயிற்று. மரச்சீனிக் கிழங்கு போயிற்று. ஏத்தங்காய் வறுத்த உப்பேரி, பொழியூர் நெத்தோலி வாங்கி உலர்த்திய கருவாடு, கிறிஸ்துமசுக்குச் சுட்ட முந்திரிக்கொத்து, எல்லாம் அந்த நிறுத்தத்தில் டிரைவர் ஜன்னல் வழியாக ஏறின. கொடுப்பதில் அவளுக்கு என்ன சந்தோஷம்! பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்ப்பாள்.

“எலே ஈசாக்கே, இனி எனக்க தொண்டையில இறங்காது” என்றார் பொன்னப்பன் ஒருநாள்.

“அண்ணே, இந்த ஒரு மட்டம் மட்டும்.”

“ஒரு மட்டமா? நீ செடி வாங்குவ, நான் பாவம் தின்பேனா?”

(பொன்னப்பன் முந்திரிக்கொத்தை மட்டும் மறுத்ததில்லை. கதாசிரியனாக நான் அதை மறைக்க விரும்பவில்லை.)

5

இந்த இடத்தில் தங்கபாய் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு கணக்காக நடப்பவள் இதை நம்புவாளா? அவளை அசடாக்கி ஒரு பக்கம் எழுதினேன். வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். கிழித்துப் போட்டேன்.

ஆகவே அவளைச் சோதிக்கலாம் என்று பொன்னப்பன் வீட்டுக்கே அனுப்பினேன். பொன்னப்பனின் மகள் சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மரச்சீனிச் சாக்கோடு தங்கபாய் உதியன்குளங்கரையில் இறங்கி விசாரித்துப் போனாள். பொன்னப்பனின் மனைவி பிரேமகுமாரி சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்கு விளிக்கப் போயிருந்தாள். முற்றத்தில் ஒரு ஆடு கட்டியிருந்தது. ஒரு வாழை. பூச்செடி என்று சொல்ல ஒரு செம்பருத்திகூடக் கிடையாது.

கதை முடிந்தது என்று பேனாவை மூடினேன். பொய்யின் குட்டு உடைந்துவிட்டது, இனி வீட்டில் சண்டைதான் எழுத வேண்டும்.

சாயங்காலம் ஈசாக் வந்தபோது தங்கபாய் வாசல் நடையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“பொன்னப்பண்ணனுக்க முற்றத்துல ஒரு பூவு இல்ல, தெரியுமா உங்களுக்கு? ஒரு செடி இல்ல.”

ஈசாக் டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

“எல்லாத்தையும் நமக்குத் தந்துட்டாரே அந்த மனுஷன்!”

நான் பேனாவைத் திரும்பத் திறந்தேன். பொய்க்கு எதிரான சாட்சியை அவள் அன்புக்கான சாட்சியாக எடுத்துக்கொண்டாள். அசட்டுத்தனமல்ல இது. புருஷன் சொன்ன சொல் என்ற தரையில் நின்றுகொண்டு பார்த்தால் அந்த வெறும் முற்றம் அப்படித்தான் தெரியும். என்னால் அப்படி யாரையும் நம்ப முடிந்ததில்லை. அவளுக்கு ஒரு கும்பிடு.

“சுமிக்கு எனக்க வளை ஒண்ணு குடுக்கப் போறேன்” என்றாள். அவளுக்கு இருந்ததே இரண்டு.

6

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்கார முடிவு உண்டு. ‘அவளுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும்’ என்பது. எழுதுகிறவர்களுக்கு அல்வா மாதிரி. அவள் ஓரமாகச் சிரிப்பாள், அவன் தலை குனிவான், நீங்களும் நானும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

முடியாது. அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் துப்பறிகிறவள். எனக்குத் துப்பறிகிறவள் வேண்டாம்.

இன்னொரு முடிவில் ஈசாக் அன்று ராத்திரியே சொல்லிவிட்டு (இல்லை, சொல்லவில்லை. புரண்டு புரண்டு படுத்தான், அவ்வளவுதான்.) விடியுமுன்னே எழுந்து டிப்போவுக்குப் போய்ப் பொன்னப்பனிடம் வளை விஷயத்தைச் சொன்னான்.

பொன்னப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த வளை எனக்க மோளுக்க கையில ஏறாது, கேட்டியா. நீயே அவளிட்ட உண்மைய பறயணும். பறயல்லேன்னா வண்டி உனக்க ஸ்டாப்புல அங்ஙனேயே நிக்கும்.”

7

நின்றது.

தங்கபாய் நிறுத்தத்தில் கைக்குட்டை முடிச்சோடு நின்றாள். இடது மணிக்கட்டில் வளையைச் சோப்புப் போட்டுக் கழற்றிய சிவப்பு. டிரைவர் ஜன்னலுக்கு நீட்டினாள். பொன்னப்பன் வாங்கவில்லை. இஞ்சினை அணைத்தார்.

“எந்தா, வண்டி கேடாயோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஈசாக் இறங்கினான். “தங்கம், அது அண்ணன் தந்ததில்ல. நான் வாங்கினது.”

“எது?”

“எல்லாம்.”

அவள் பொன்னப்பனைப் பார்த்தாள்.

“ஒரு இலகூட நான் தரல்ல, தங்கச்சி” என்றார் அவர். “தின்ன மட்டும் செய்தேன்.”

தங்கபாய் பேசாமல் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஈசாக் பயந்த அதே மௌனம்தான். பின்னாலேயே ஏறினான். அவள் முடிச்சை அவிழ்த்து வளையை அவனிடம் கொடுத்துக் கையை நீட்டினாள்.

“இடுங்க.”

சோப்பில்லாமல் அது ஏறாது. கட்டைவிரல் மூட்டை அவன் அமுக்கிப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது, முழு பஸ்ஸும் பார்த்திருக்க. அவளுக்கு வலித்தது. ஏறி முடிந்தபோது அவன்தான் அழுதுகொண்டிருந்தான்.

“அந்த முற்றத்துல நிண்ணு நான் அழுதேனே,” என்றாள் மெதுவாக. “அதை எனக்கு யாரு திருப்பித் தருவா?”

(இதற்கு ஈசாக்குக்குப் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.)

“டிக்கெட் தாங்க.”

“எங்க வரை?”

“நீங்க செடி வாங்கின எடத்துக்கு. கல்யாண வீட்டு முற்றம் அப்படி வெறுங்கிடையாக் கிடக்கலாமா? அண்ணனுக்கு ஒரு செடி வாங்கணும். வெலை நான் கேப்பேன். நீங்க பக்கத்துல நிக்கணும்.”

டிரைவர் சீட்டில் பொன்னப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

மன்னித்தாளா? அந்தக் கடையில் அவன் முகத்தைப் பார்ப்பாளா, விலையைப் பார்ப்பாளா? திரும்பி வந்து செடிகளுக்குத் தண்ணீர் விடுவாளா? அத்தனைக்கும் என்னிடம் பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றும் தரமாட்டேன். அவளை நம்பிக் கூட்டிப்போக வேண்டியவன் நானல்ல.

ஈசாக் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மணிக்கயிற்றைப் பிடித்தான். இரண்டு மணி அடித்தால்தான் வண்டி நகரும். ஒன்று அடித்துவிட்டான்.

இன்னொன்றை நீங்கள் அடியுங்கள்.